கூடைப்பந்து: கடிகாரம் பிசகினால் நடுவர் என்ன செய்ய வேண்டும்?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (திருப்பூர் வாசகர்): எங்கள் மாவட்டப் போட்டி ஒன்றின் கடைசிக் கட்டத்தில் எதிரணி பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிந்தது. அப்போது திரையில் 6.4 விநாடி இருந்தது. பந்தைப் பிடித்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் வீரர் அவரை நெருங்கி மறித்தார். ஆனால் கடிகாரம் நகரவே இல்லை. நடுவர் விசிலடித்து நிறுத்தி, நேரமும் புள்ளியும் குறிப்பவர்கள் அமரும் மேசையில் பேசிவிட்டு, 3.4 விநாடி என்று மாற்றச் சொன்னார். உண்மையில் நான்கைந்து விநாடி போயிருக்கும் என்பது எங்கள் கட்சி. 3.4 என்பது எந்தக் கணக்கு?

பதில்: நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் அது நடுவர் தம் கையாலேயே எண்ணிய கணக்கு. பந்தைக் கையில் வைத்திருக்கும் வீரரை எதிரணியினர் நெருங்கி மறித்தால், அவர் 5 விநாடிக்குள் பந்தைக் கைமாற்றவோ தட்டிச் செல்லவோ எறியவோ வேண்டும். அந்த 5 விநாடியை நடுவர் கையை வீசி வீசி எல்லோரும் பார்க்கும்படி எண்ணுவார். உங்கள் ஆட்டத்தில் அவருடைய கை மூன்று முறை வீசியபின் கடிகாரம் ஓடவில்லை என்பது கண்ணில் பட்டிருக்க வேண்டும். 6.4 விநாடியிலிருந்து அந்த மூன்றைக் கழித்தால் வருவதே 3.4.

உங்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. பந்து கைக்கு வந்த கணத்துக்கும் உங்கள் வீரர் நெருங்கி மறித்த கணத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு விநாடி கழிந்திருக்கும், அது நடுவரின் எண்ணிக்கையில் சேராது. ஆனால் அந்த இடைவெளி முக்கால் விநாடியா, ஒன்றேகால் விநாடியா என்று அவரால் அடித்துச் சொல்ல முடியாது. அடித்துச் சொல்ல முடிந்தது மூன்று விநாடி மட்டுமே, ஆகவே அதை மட்டும் கழித்தார். நேரப் பிழையைத் திருத்துவதில் அடிப்படையான நெறி இதுதான். நடுவருக்கு உறுதியாகத் தெரிந்த நேரத்தைத்தான் கூட்டலாம் அல்லது கழிக்கலாம். இவ்வளவு இருக்கும் என்ற உத்தேசத்துக்கு அங்கே இடமில்லை. அமெரிக்கப் பள்ளிகளின் ஆட்ட விதிகளில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. கடிகாரத்தை ஓடவிடுவதிலோ நிறுத்துவதிலோ நேரக்காப்பாளர் வெளிப்படையாகத் தவறியிருந்தால், கழிந்த நேரத்தைப் பற்றித் திட்டவட்டமான தகவல் கையில் இருக்கும்போது மட்டுமே நடுவர் அதைத் திருத்தலாம். நடுவரின் எண்ணிக்கையும், அவர் தம் கண்ணால் திரையில் பார்த்த நேரமும் அப்படிப்பட்ட தகவல்களாக அங்கே ஏற்கப்படுகின்றன.

இன்னொரு சாட்சியும் உண்டு. மேசையில் ஆட்டக் கடிகாரத்தை ஒருவரும், பந்தைப் பெற்ற அணி கூடையை நோக்கி எறிய உள்ள 24 விநாடியைக் காட்டும் ஷாட் கிளாக்கை மற்றொருவரும் இயக்குகிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் தூங்கிப்போவது அரிது. ஆட்டக் கடிகாரம் 2 நிமிடம் 40 விநாடியில் உறைந்து நிற்கிறது, ஆனால் புதிதாக 24-இல் தொடங்கிய ஷாட் கிளாக் 17-ஐக் காட்டுகிறது என்றால், 7 விநாடி ஓடியிருக்கிறது என்று யாரையும் கேட்காமலே சொல்லிவிடலாம். திரையை 2 நிமிடம் 33 விநாடி என்று மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். உங்கள் ஆட்டத்தில் அந்த வழியும் அடைபட்டிருந்தது. மீதி நேரம் 24 விநாடிக்கும் குறைவாக இருக்கையில் புதிய ஆட்டவாய்ப்பு தொடங்கினால் ஷாட் கிளாக்கின் திரை அணைந்தே இருக்கும்.

கேள்வி (மதுரை வாசகர்): இத்தகைய பிழைகள் பெரும்பாலும் எந்தக் கட்டத்தில் நேர்கின்றன?

பதில்: கடிகாரம் தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும்தான். எல்லைக்கு வெளியிலிருந்து பந்தை எறியும்போது, அது எறிபவரின் கையைவிட்டுக் கிளம்பியதும் கடிகாரத்தைத் தட்டிவிடும் பழக்கம் புதிய நேரக்காப்பாளர்களிடம் உண்டு. விதிப்படி, ஆடுகளத்துக்குள் இருக்கும் ஒரு வீரரைப் பந்து தொட்ட பிறகே நேரம் ஓட வேண்டும். கடைசி ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காக, யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) கூடையில் விழாமல் பந்து ஆட்டத்திலேயே தொடரும்போதும் அப்படித்தான். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை யாராவது தொட்டால்தான் கடிகாரம் ஓடும்.

நிற்பதில் வரும் பிழைக்குப் பெரும் காரணம் கூட்டத்தின் இரைச்சல். விசில் மேசைக்குக் கேட்பதில்லை. அதற்காகத்தான் நடுவர் விசிலடிக்கும்போதே கையையும் உயர்த்துகிறார். ஃபவுல் என்றால் முஷ்டியை மூடியும், மற்ற விதிமீறல் என்றால் உள்ளங்கையை விரித்தும் காட்டுவார். நேரக்காப்பாளரின் கண் பந்தைத் தொடர்ந்து போகாமல் நடுவரின் கையில் இருக்க வேண்டும். நல்ல ஆட்டம் நடக்கும்போது இது எவ்வளவு கடினம் என்பது அந்த நாற்காலியில் ஒருமுறையாவது உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

கடைசி இரண்டு நிமிடம் தனி ரகம். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி நான்காவது கால் பகுதியிலும் கூடுதல் நேர ஆட்டங்களிலும், திரையில் 2 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது கூடை விழுந்தால் கடிகாரம் நிற்க வேண்டும். மற்ற நேரங்களில் கூடை விழுந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். முப்பத்தெட்டு நிமிடம் நிறுத்தாமல் விட்டுப் பழகிய விரல் முதல் கூடைக்கு நிறுத்த மறந்துவிடுகிறது. அனுபவமுள்ள நடுவர்கள் 2 நிமிடம் நெருங்கும்போதே மேசையை ஒரு பார்வை பார்ப்பது இதனால்தான்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): பிழை நடந்து சிறிது நேரம் கழித்துத்தான் தெரிய வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் விழுந்த கூடைகளை ரத்து செய்து, பிழை நடந்த இடத்திலிருந்து மறுபடி ஆடச் சொல்லலாமா?

பதில்: கூடாது. நடுவர் நேரத்தைத் திருப்பித் தரலாம், ஆடிய ஆட்டத்தை அழிக்க முடியாது. இடையில் பெற்ற புள்ளிகளும் விதிக்கப்பட்ட ஃபவுல்களும் அப்படியே நிற்கும். கடிகாரத்தில் உள்ள எண் மட்டுமே மாறும்.

இதற்குக் காலக்கெடு எதுவரை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகுதியில்லாமல் ஃப்ரீ த்ரோ கொடுத்துவிட்டது, கொடுக்க வேண்டியதை மறந்தது, வேறு வீரரை எறியவிட்டது போன்ற பிழைகளைத் திருத்த ஃபிபா விதியில் மிகக் குறுகிய அவகாசம்தான் உண்டு. பிழைக்குப் பின் கடிகாரம் ஓடி, முதல் முறை ஆட்டம் நின்று, பந்து மீண்டும் ஆட்டத்துக்கு வருவதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் போனது போனதுதான். ஆனால் புள்ளிக் கணக்கிலோ நேரக் கணக்கிலோ மேசை செய்த பிழைக்கு அந்த நெருக்கடி இல்லை. தலைமை நடுவர் ஸ்கோர் தாளில் கையெழுத்திடும் வரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இறுதி மணி ஒலித்தபின் நடுவர்கள் உடனே தாளில் கையெழுத்துப் போடாமல் மேசையோரம் நின்று எல்லாவற்றையும் சரிபார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கையெழுத்து விழுந்த கணத்தில் ஆட்டத்தின்மீது அவர்களுக்கிருந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது.

கூடை ரத்தாகும் நிலை ஒன்று உண்டு. கடிகாரம் தாமதமாகத் தொடங்கியது, அதைச் சரியாக ஓட்டியிருந்தால் பந்து கையைவிட்டுப் போவதற்கு முன்பே நேரம் முடிந்திருக்கும் என்பது காணொளி மறுபார்வையில் உறுதியானால், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் அந்தக் கூடை எண்ணப்படாது. இதை மேலே சொன்ன நெறிக்கு விதிவிலக்காகக் கொள்ள வேண்டாம். அந்தக் கூடை விழுந்தபோது ஆட்டமே முடிந்திருந்தது என்பதுதான் அங்கே கண்டறியப்படுகிறது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): 1972 மூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் மூன்று விநாடியை மூன்று முறை ஆடவிட்டார்கள் என்று படித்தேன். அது நேரப் பிழையைத் திருத்தியதா, அல்லது அநியாயமா?

பதில்: இரண்டும் கலந்தது. சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் நேரப் பிழையைத் திருத்துவதில் என்னென்ன தவறலாமோ அத்தனையும் அந்த ஒரே ஆட்டத்தில் தவறின.

செப்டம்பர் 9 நள்ளிரவை ஒட்டித் தொடங்கி மறுநாள் பிறந்தபின் முடிந்த ஆட்டம் அது. ஒலிம்பிக்கில் அதுவரை 63 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அமெரிக்காவை சோவியத் ஒன்றியம் 49-48 என்று முந்திக்கொண்டிருந்தது. டக் காலின்ஸ் பந்தைப் பறித்துக்கொண்டு கூடைக்கு ஓடியபோது வீழ்த்தப்பட்டார். மீதி 3 விநாடி. அவர் முதல் ஃப்ரீ த்ரோவைப் போட்டார். இரண்டாவதை எறியும் தறுவாயில் மேசையிலிருந்து மணி ஒலித்தது. அதையும் பொருட்படுத்தாமல் போட்டுவிட்டார். அமெரிக்கா 50-49.

சோவியத் அணி பந்தை உள்ளே எறிந்தது. திரையில் 1 விநாடி இருக்கும்போது, மேசையருகே நடந்த அமளியைக் கண்டு பிரேசில் நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஆட்டத்தை நிறுத்தினார். ஃப்ரீ த்ரோக்களுக்கு இடையே டைம் அவுட் (அணி கேட்டுப் பெறும் சிறு இடைவேளை) கேட்டோம், தரவில்லை என்பது சோவியத் தரப்பின் முறையீடு. இந்த நிலையில் நடுவர்கள் முன்னே இருந்த கேள்வி எளிமையானது. டைம் அவுட் முறைப்படி கேட்கப்பட்டதா, இல்லையா? அதற்கு மேசை பதில் சொல்லியிருந்தால், மீதி 1 விநாடியா 3 விநாடியா என்பதை நடுவர்கள் இருவருமே முடிவு செய்திருக்கலாம்.

ஆனால் பார்வையாளர் பகுதியில் இருந்த ஃபிபாவின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் கீழே இறங்கி வந்து, 3 விநாடியைத் திருப்பி வைக்கச் சொன்னார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் அப்படி உத்தரவிடும் அதிகாரம் விதிப்படி அவருக்கு இல்லை. இது முதல் பிசகு. கடிகாரத்தை 3-க்குக் கொண்டுவரும் வேலை முடிவதற்குள்ளேயே பந்தை உள்ளே எறிய விட்டார்கள், திரையில் அப்போது 50 விநாடி தெரிந்தது. இது இரண்டாவது பிசகு, என் பார்வையில் இதுவே பெரியது. பந்தை வீரரிடம் ஒப்படைக்குமுன் திரையை நிமிர்ந்து பார்ப்பது நடுவர் பயிற்சியின் அரிச்சுவடி. மணி ஒலித்ததும் அமெரிக்கர்கள் தங்கம் கிடைத்துவிட்டதென்று துள்ளிக் குதித்தார்கள். கடிகாரம் தயாராக இல்லை என்று சொல்லி, களத்தைக் காலி செய்து, மூன்றாம் முறையாக 3 விநாடி ஆடவைத்தார்கள். இவான் எதெஷ்கோ களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வீசிய பந்தை அலெக்சாந்தர் பெலோவ் பிடித்துக் கூடையில் போட்டார். 51-50.

மூன்றாவது முறை ஆடவைத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. 3 விநாடி என்று முடிவு செய்துவிட்டால், 3 விநாடி காட்டாத கடிகாரத்துடன் நடந்ததைச் செல்லும் என்று சொல்ல முடியாது. கோளாறு அதற்கு ஒரு படி முன்னால், அந்த 3 விநாடி யார் வாயிலிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. ரிகெட்டோ ஸ்கோர் தாளில் கையெழுத்திட மறுத்தார். அமெரிக்கா செய்த முறையீட்டை ஐந்து பேர் கொண்ட நடுவர் மன்றம் 3-2 என்று தள்ளுபடி செய்தது. கியூபா, ஹங்கேரி, போலந்து நாட்டவர் ஒருபுறம், இத்தாலி, போர்ட்டோ ரிக்கோ நாட்டவர் மறுபுறம். அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கங்களை இன்றுவரை வாங்கிக்கொள்ளவில்லை. அணித்தலைவராக இருந்த கென்னி டேவிஸ், தம் குடும்பத்தாரும் அதை வாங்கக் கூடாதென்று உயிலிலேயே எழுதிவைத்தார்.

கேள்வி (திருச்சி வாசகர்): 0.3 விநாடிக்குக் குறைவாக இருந்தால் பந்தைப் பிடித்து எறிய முடியாது என்கிறார்களே, அது ஏன்?

பதில்: 1990 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த ஆட்டத்தால் வந்த விதி அது. நிக்ஸ், சிகாகோ புல்ஸ் அணிகள் 106-106 என்று சமநிலையில் இருந்தன, மீதி 0.1 விநாடி. நிக்ஸின் டிரெண்ட் டக்கர் பந்தை வாங்கி, திரும்பி, மூன்று புள்ளிக் கூடையைப் போட்டார். மணி அதன் பிறகுதான் ஒலித்தது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இதெல்லாம் நடக்காது. கடிகாரம் தாமதமாகத்தான் தட்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அப்போது அதை மெய்ப்பிக்க நடுவர்களிடம் வழியில்லை. புல்ஸின் முறையீடும் நிராகரிக்கப்பட்டது.

அடுத்த பருவத்திலிருந்து என்பிஏ ஒரு கோடு போட்டது. பந்தைப் பிடித்து எறிய 0.3 விநாடியாவது இருக்க வேண்டும், அதற்குக் குறைவென்றால் வந்த பந்தை அப்படியே தட்டிக் கூடையில் விடலாம், அவ்வளவுதான். ஃபிபாவும் இதே அளவைத்தான் வைத்திருக்கிறது. அமெரிக்கப் பள்ளி, கல்லூரி விதிகளில் 0.3 இருந்தாலும் தட்ட மட்டுமே அனுமதி. நேரக்காப்பாளரின் விரல் வேகத்தை நடுவர் அளக்க வேண்டிய தேவையையே இந்த விதி இல்லாமல் ஆக்கியது என்பதால், இதை நான் மிகப் புத்திசாலித்தனமான விதியாகக் கருதுகிறேன்.

இந்தக் கோட்டுக்கு ஒரு தசமம் மேலே நடந்த கூத்தும் உண்டு. 2004 மே 13 அன்று சான் ஆன்டோனியோவில் 0.4 விநாடியில் டெரெக் ஃபிஷர் பந்தை வாங்கித் திரும்பி எறிந்து லேக்கர்ஸை 74-73 என்று வெல்ல வைத்தார். நடுவர்கள் காணொளியைப் பார்த்துக் கூடையை உறுதி செய்தார்கள். கடிகாரம் தாமதமாகத் தொடங்கியது என்ற ஸ்பர்ஸ் அணியின் முறையீடு ஏற்கப்படவில்லை.

கேள்வி (ஈரோடு வாசகர்): நடுவரின் விசிலே கடிகாரத்தை நிறுத்தும் கருவி இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. நடுவராகப் பணியாற்றிய மைக்கேல் கோஸ்டபிலே உருவாக்கிய அந்தக் கருவியை என்பிஏ 1999 முதல் பயன்படுத்தி வருகிறது. விசிலுக்கருகே ஒரு சிறு ஒலிவாங்கி, இடுப்பில் ஒரு பெட்டி. விசிலின் ஒலி எழுந்ததும் பெட்டி கம்பியில்லாச் சைகை அனுப்பிக் கடிகாரத்தை நிறுத்திவிடும். தொடங்குவதற்குப் பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு, மேசையில் இருப்பவரும் தம் பங்குக்குத் தட்டுவார். விசிலைக் கேட்டு விரலை அழுத்த மனிதருக்குக் கால் விநாடியாவது பிடிக்கும். ஒவ்வொரு விசிலிலும் கசிந்துகொண்டிருந்த அந்தக் கால் விநாடி இப்போது மிஞ்சுகிறது.

இருந்தாலும் பந்து எப்போது தொட்டது என்பதை அந்தக் கருவி அறியாது, அதைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவது ஒரு மனிதரே. எனவே தாமதத் தொடக்கம் முற்றாக ஒழியவில்லை. அதற்குக் காணொளிதான் மருந்து. 2002-இல் என்பிஏவின் மேற்கு மண்டல இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில், முதல் பாதி முடிந்த பிறகு கையைவிட்டுக் கிளம்பிய லேக்கர்ஸ் வீரர் சமாக்கி வாக்கரின் மூன்று புள்ளி எறிதல் எண்ணப்பட்டது. லேக்கர்ஸ் வென்றது 100-99 என்ற ஒரே புள்ளியில். அடுத்த பருவத்திலேயே மணியோடு எறியும் பந்துகளுக்குக் காணொளி மறுபார்வை வந்தது. இன்று ஃபிபா ஆட்டங்களிலும் மறுபார்வை வசதி இருக்குமிடத்தில், கடிகாரக் கோளாறு ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் நேர்ந்தாலும் நடுவர்கள் திரையில் பார்த்துச் சரியான நேரத்தை வைக்கலாம்.

கேள்வி (சேலம் வாசகர், பள்ளி அணிப் பயிற்சியாளர்): நேரப் பிழையை நடுவர்கள் திருத்தாமல் விட்டால் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: முதலில், ஆட்டம் நடக்கும்போதே பேசுங்கள், ஆனால் எண்ணோடு பேசுங்கள். “நேரம் போச்சு சார்” என்று கூவினால் நடுவரால் ஒன்றும் செய்ய முடியாது. “விசில் அடிக்கும்போது 14, இப்போது 11” என்று பந்து நின்றிருக்கும் வேளையில் அமைதியாகச் சொன்னால், அவர் தம் நினைவிலிருப்பதோடும் மேசை சொல்வதோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இதற்காகவே மாற்று வீரர் ஒருவரை ஒவ்வொரு விசிலுக்கும் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி உட்காரவைக்கும் பயிற்சியாளர்கள் உண்டு.

ஆட்டம் முடிந்துவிட்டால், ஃபிபா விதியைப் பின்பற்றும் போட்டியில் முறையீட்டுக்கு வழியிருக்கிறது. திருத்தப்படாத நேரப் பிழை அதற்கு ஏற்கத்தக்க காரணம். ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் அணித்தலைவர் தலைமை நடுவரிடம் தெரிவித்து, ஸ்கோர் தாளில் அதற்கென உள்ள இடத்தில் கையெழுத்திட வேண்டும். காரணங்களை ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். கட்டணமும் உண்டு, உங்கள் போட்டியில் எவ்வளவு என்பதை முன்கூட்டியே அமைப்பாளர்களிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிழை நடக்காதிருந்தால் முடிவு நிச்சயமாக வேறாக இருந்திருக்கும் என்பதற்குத் தெளிவான, மறுக்க முடியாத ஆதாரம் இல்லாமல் முடிவை மாற்ற மாட்டார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். முதல் பாதியில் இரண்டு விநாடி போனது என்பதை வைத்து அதை நிறுவ முடியாது.

மேசைப் பிழைக்காக ஆட்டத்தின் ஒரு துண்டு மறுபடி ஆடப்பட்டதும் உண்டு, ஆனால் அது என்பிஏவில், அதுவும் நேரப் பிழைக்காக அல்ல. 2007 டிசம்பர் 19 அன்று அட்லாண்டாவில் கூடுதல் நேரம் முடிய 51.9 விநாடி இருக்கும்போது, மயாமியின் ஷகில் ஓ'நீலுடைய ஐந்தாவது ஃபவுலை மேசையில் ஆறாவதாகக் குறித்து அவரை வெளியேற்றிவிட்டார்கள். லீக் மயாமியின் முறையீட்டை ஏற்று, அட்லாண்டாவுக்கு 50,000 டாலர் அபராதம் விதித்தது. 2008 மார்ச் 8 அன்று அந்த 51.9 விநாடியை மட்டும் இரு அணிகளும் மறுபடி ஆடின. அதற்குள் ஓ'நீல் ஃபீனிக்ஸ் அணிக்கு மாறிப் போயிருந்தார், இரு அணிகளும் ஒரு புள்ளிகூட எடுக்காததால் அட்லாண்டாவே 114-111 என்று வென்றது.

உங்கள் பள்ளிப் போட்டிகளில் மின்திரை இல்லாமல் மேசையில் ஒரு ஸ்டாப்வாட்ச் மட்டும் வைத்து ஆடுவதாகவும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கடிகாரம் அதிகாரபூர்வமானது என்று ஆட்டத்துக்கு முன்பே அறிவிப்பது தலைமை நடுவரின் கடமை, அதை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது ஸ்டாப்வாட்ச் ஒன்றை மேசையில் இணையாக ஓடவிடும்படியும் கேளுங்கள். முதலாவது நின்றுபோனால் நடுவர் கையில் எடுத்துப் பார்க்க வேறொன்று இருக்கும்.